ஃபாரத்தில் இல்லாத கேள்வி

டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்களுக்கான பகல்நேர மையத்தில் நான் சிஸ்டராகச் சேர்ந்த இரண்டாம் வருடமே அதை மூட வேண்டிய நிலை வந்தது. மையம் ஓர் ஆராய்ச்சி நிதியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நீட்டிக்கலாமா என்று பார்க்க வந்த மேடம் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“எல்லாருக்கும் மெமரி ஸ்கோர் குறைஞ்சிருக்கே சிஸ்டர். அப்போ உங்க சர்வீஸால என்ன பலன்?”

இந்த நோயில் ஸ்கோர் குறையத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும். ஆனால் பலன் என்று காட்ட என்னிடம் வேறு தாள் இல்லை. நாலு பேருக்கு ஒன்றிரண்டு மார்க் கூட்டிப் போட்டுவிடலாமா என்று முந்தின நாள் யோசித்ததும் உண்மை. போடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கராஜ் அண்ணாச்சி மனைவியைக் கூட்டிப்போக வந்தார். பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மனைவி செல்வராணி, ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். மேடம் கேட்டது அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது.

“மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா? ‘ஸ்கூலுக்கு நேரமாச்சா’ன்னு இவ நாளைக்கு நூறு தடவ கேப்பா. ஒருநா தாங்க முடியாம கன்னத்துல அடிச்சிட்டேன்.” அவர் கண்ணில் நீர் வழிந்தது. “முப்பத்தெட்டு வருசத்துல கை ஓங்குனதில்ல. மறுவாரமே இங்கன கொண்டாந்து விட்டேன். சனிக்கிழம எங்கள மாதிரி ஆளுவளுக்கு, எப்படிப் பாத்துக்கிடணும்னு சிஸ்டர் கிளாஸ் எடுக்காங்க. பகல்ல நானும் கொஞ்சம் மூச்சு விடுதேன். அதுக்குப் பெறவு அடிக்கல மேடம். இது எந்த ஸ்கோர்ல வரும்?”

டீச்சர் எழுந்து வந்து முந்தானையால் அண்ணாச்சியின் முகத்தைத் துடைத்தார்.

“எதுக்கு அழுவுதிய? சாப்பிடலையா?”

கணவரின் பெயர் டீச்சருக்கு மறந்து பல மாதமாகியிருந்தது.

மேடம் பேனாவை எடுத்தார். “நீங்க சொன்னதை எழுதிக்கலாமா அண்ணாச்சி?”

“எம்பேரப் போட்டே எழுதுங்க.”

நிதி நீண்டது. அடுத்த ஃபாரத்தில், பார்த்துக்கொள்பவரின் தூக்கம், கோபம், களைப்பு பற்றிக் கேட்க ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. டீச்சர் மேலும் மூன்று வருடம் வந்தார். ஸ்கோர் ஒருமுறைகூட ஏறவில்லை. நான் ரிட்டயர் ஆகும்போதும் மையம் ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். அண்ணாச்சி கை நீட்டியது, ஒரு வருடம் அவரைத் தினமும் பார்த்தும் எனக்குத் தெரியாது. “டீச்சர் எப்படி இருக்காங்க?” என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். “நீங்க எப்படி இருக்கிய?” என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.