குதிரைக்குத் துணை

"…புல்லும் தின்னல, கொள்ளும் தின்னல. இந்த மகாராசாவுக்கு நான் என்ன இட்லியா அவிச்சுப் போட?"

இன்று பக்கத்து வீட்டில் யாரோ கொள்ளு அவிக்க, அந்த வாசத்தோடு அம்மாவின் குரலும் வந்துவிட்டது.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, யாருக்கும் வேண்டாததாகிப் போன குதிரையொன்றை மெட்ராஸிலிருந்து சங்கரன்கோவிலுக்கு லாரியில் ஏற்றி வந்திருந்தார் அப்பா. வந்ததிலிருந்து அது பட்டினி. செத்துவிடுமோ என்று அப்பாவுக்கும் சோறு இறங்கவில்லை.

அம்மா திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வெள்ளாடு கயிற்றை உருவிக்கொண்டு ஓடிப்போய், குதிரையின் வாளியில் வாயை வைத்தது. குதிரை ஆட்டை மோந்து பார்த்தது. பிறகு பாருங்களேன், தானும் தலையை நுழைத்து அவக் அவக்கென்று தின்றது!

"தொணையில்லாமத்தான் ஏங்கியிருக்கு, பாத்தியா!" என்று அப்பா கைதட்டினார்.

"ஏட்டி, ஒனக்கு வந்த வாழ்வப் பாரேன்!" என்று ஆட்டிடம் சிரித்த அம்மா, அதன் முளைக்குச்சியைப் பிடுங்கி வந்து குதிரைக்குப் பக்கத்தில் அறைந்தாள்.