எல்லைக்கல்லுக்கு அடியில் மூன்று ஓட்டுத் துண்டுகள்

அர்மாந்தின் என்ற விதவை பக்கத்து வயலைத் திருடினாள் என்று லா பூயாத் கிராமமே நம்பியது. நானும் நம்பினேன்.

கணவன் செத்த பின் பதினோரு வருடமாக அவள் தனியாகத்தான் உழுதாள். விடியும் முன்பே ஏர் பூட்டிவிடுவாள். மாடுகளுக்கு வெயில் ஆகாது என்பாள். பக்கத்து வயல்காரர் ஃபிர்மேனுக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"யாரும் எழுந்திரிக்காத நேரத்துல அங்க என்ன வேலை அவளுக்கு? வருஷா வருஷம் என் வயல் சுருங்குது. எல்லைக்கல்லு தானா நடக்குமா?" என்று ஒயின் கடையில் கத்தினார்.

"கால் முளைச்சிருக்கும்" என்றான் ரொட்டிக்காரன். கடையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. பூசைக்கு வந்தால் அவளிருக்கும் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், பாவி மகள். ஆனால் ஆகஸ்டு வந்துவிட்டதே! எங்கள் ஊரில் கதிரடிக்கும் இயந்திரம் வீடு வீடாகப் போகும். கூடவே எல்லா வீட்டு ஆட்களும் போவார்கள். இருபது பேர் இல்லாமல் அந்த வேலை நடக்காது. அவள் களத்துக்கு மட்டும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். ஒரு வருடக் கோதுமை மழையில் மக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மேயர் ஆன்செல்மை மறித்தாள்.

"கல்லைத் தோண்டுங்க ஐயா. ஊரே பாக்கட்டும். நான் திருடின்னா நாளைக்கே மாட்டை வித்துட்டுப் போயிடறேன்."

எல்லைக்கல் நடும்போது ஒரு கூரை ஓட்டை மூன்றாக உடைத்து அடியில் புதைப்பது எங்கள் வழக்கம். கல்லை நகர்த்துகிறவனுக்கு ஓட்டின் ஞாபகம் வராது; துண்டுகள் பழைய இடத்திலேயே கிடந்து காட்டிக்கொடுக்கும்.

அன்றே ஊர் கூடி நிற்க, மேயர் கல்லைப் புரட்டித் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மூன்று துண்டுகளும் கிடந்தன.

"அதையும் சேத்து நகத்தியிருப்பா. கைகாரி!" என்றார் ஃபிர்மேன்.

மேயர் ஒரு துண்டை இழுத்தார். வரவில்லை. கட்டைவிரல் தடிமனில் ஓக் மர வேர் ஒன்று துண்டுகளைச் சுற்றிப் பின்னியிருந்தது.

"முப்பது வருஷத்து வேருய்யா இது. இதையும் அவதான் பின்னினாளா? உன் நிலத்தைத் தின்னது, அதோ, நீ வெட்டாம விட்டு வருஷா வருஷம் வயலுக்குள்ள பரவின உன் முள்செடி வேலி!" என்றார் மேயர்.

அர்மாந்தின் கதறி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வியாழக்கிழமை என் களத்துல வேலை. சாப்பாடு என் வீட்லதான்" என்றாள்.

எல்லோரும் போனோம். ஃபிர்மேனும் வந்தார். மதியம் கோழிக்கறியும் ரொட்டியும் வைத்து, ஒயினை அவளே ஊற்றினாள். கோப்பைகள் நிறைந்து நின்றன. ஒருவரும் தொடவில்லை. இத்தனை அவமானப்படுத்தியவர்களுக்கு ஒருத்தி சும்மா ஊற்றுவாளா? எதையாவது கலந்திருந்தால்?

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். ஃபிர்மேனின் கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்துக் கவிழ்த்தாள்.

"இப்பக் குடிங்க."

அதன் பிறகுதான் நான் என் கோப்பையை எடுத்தேன்.