ஒரே ஃபைலில் இரண்டு கண்ணாத்தாள்

ரஞ்சிதாவுக்கு அடுத்த நாற்காலியில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எருமப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து சேரும்போதே அவளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். மீதியை அலுவலகம் எடுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கிற சின்னக் கம்பெனி. ஆறு பேர் வேலையை மூன்று பேர் செய்கிறோம்.

போன வருடம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புலம்பல் வந்தது. ஒரே நோயாளியின் பெயரை இன்றைக்குச் சின்ன எழுத்தில் அடிக்கிறார்கள், நாளைக்குக் கேப்பிடலில். கம்ப்யூட்டர் அதை வேறு வேறு ஆளென்று நினைத்து ஒருவருக்கே நாலு ஃபைல் திறக்கிறது. சாயங்காலத்துக்குள் சரிசெய்யச் சொன்னார் மேனேஜர் சந்திரசேகர். அவருக்கு எல்லாமே சாயங்காலத்துக்குள்தான்.

நாங்கள் புரோகிராம் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்டில் இது ஒரு வரி வேலை. பெயர், இனிஷியல், ஊர் மூன்றையும் கூட்டல் குறி போட்டு ஒட்டி, மொத்தத்தையும் கேப்பிடலாக்கினாள் ரஞ்சிதா. ஒட்டியது ஒன்றுபோல வந்தால் ஒரே ஆள். வயதைச் சேர்க்கவில்லை, நம் ஜனங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு வயது சொல்வார்கள். போன் நம்பரும் வீட்டில் யாருடையதாவது இருக்கும்.

"செரியா வருதான்னு பாருங்க பிரபா" என்றாள். பார்த்தேன், சரி என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவர்கள் பக்கம் பெண்களுக்குக் குலசாமி பெயர் வைப்பது வழக்கம். அவள் வீட்டிலேயே இரண்டு கண்ணாத்தாள். அப்பா காளியப்பனின் மனைவி, அதாவது அவள் அம்மா, பெரிய கண்ணாத்தாள். சித்தப்பா குழந்தைவேலின் மனைவி சின்னக் கண்ணாத்தாள். இருவருக்கும் இனிஷியல் கே. ஊரும் ஒன்று. இருவரும் காட்டுவது அதே ஆஸ்பத்திரியில்.

இரண்டு ஃபைலும் ஒன்றாகிவிட்டன. சிறுநீரகக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சின்னம்மா. டாக்டருக்குத் திரையில் தெரிந்ததோ அம்மாவின் புது ரத்தப் பரிசோதனை. எல்லாம் நன்றாக இருந்ததால் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நாலே மாதத்தில் சின்னம்மாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

காரணத்தைத் தோண்டி எடுத்தது ரஞ்சிதாதான். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி நம்பர் கொடுத்து அந்த வரியை அழித்தாள். "ஊட்டுல எதும் சொல்லாதீங்க" என்றார் சந்திரசேகர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ரஞ்சிதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் சின்னம்மா கையில் ட்யூபோடு படுத்திருந்தார்.

"சின்னம்மா, உங்க பேரையும் அம்மா பேரையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேத்துட்டது நாந்தானுங்க."

சின்னம்மாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

"நம்மூட்டுல ரெண்டு கண்ணாத்தா இருக்கறது உனக்குத் தெரியாதா சாமி?"

"தெரியுமுங்க" என்றாள் ரஞ்சிதா.