வைரவன் காட்டிய ஆள்காட்டி

வைரவன் ஐந்தாவது வரை படித்தவன். நான் ஐ.டி.ஐ. முடித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வயிற்றெரிச்சலே அங்கேதான் தொடங்கியது.

இரண்டாயிரத்து நாலில் அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே ஒரு பண்ணையில் இருந்தோம். ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் புல் வளர்க்கிற பண்ணை. நான் பம்ப் ஆபரேட்டர். அவன் தண்ணீர்க் குழாய்களை இடம் மாற்றிப் போடுகிறவன். சிவகங்கைப் பக்கத்து ஆள், நாற்பது வயது, வாய் நிறையச் சிரிப்பு, பனியனில் எப்போதும் சேறு. ஒரே ரூமில் மேல்கட்டில் அவனுக்கு, கீழ்க்கட்டில் எனக்கு. என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவான். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டெரிக் என்று ஒரு வெள்ளைக்காரர் வருவார். தண்ணீர் இன்ஜினியர். பண்ணைக்கு வரும் பறவைகளை எழுதிக்கொள்ள மேனேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார். முதல் நாள் கேட்டில் அவரோடு இங்கிலீஷ் பேசி உள்ளே கூட்டிப்போனது யார்? நான். டீ போட்டுக் கொடுத்தது யார்? அதுவும் நான். ஆனால் “பேர்ட்ஸ் எங்கே?” என்று அவர் கேட்டபோது எனக்குத் தெரிந்தது கூரைமேல் இருந்த புறாதான். வைரவனோ தோளில் குழாயோடு நின்றபடியே, “சார், லுக், லுக்” என்று புல் ஓரத்தைக் காட்டினான். கொண்டையை விரித்துக்கொண்டு ஒரு கொண்டலாத்தி. அவ்வளவுதான், மனிதர் அவன் பின்னாலேயே போய்விட்டார்.

அப்புறம் வாராவாரம் இதே கூத்து. பனங்காடை, உள்ளான், தேன்சிட்டு என்று வைரவன் காட்டுவான், அவர் எழுதுவார். பைனாகுலரைக்கூட அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். எனக்குக் காது புகைந்தது.

ஒருநாள் டெரிக் சின்னப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அவருடைய கிராமத்துப் பறவைகளாம். எந்த வேலியில் எது கூடு கட்டும், சர்ச் கோபுரத்தில் எந்த ஆந்தை இருக்கும், எல்லாம் அச்சில். ஒரு ஊர்க் குருவிக்கெல்லாம் புத்தகமா! எங்கள் ஊரில் மனுசனுக்கே ரேஷன் கார்டில் பேர் தப்பு. வைரவன் ஒரு படத்தில் விரலை வைத்தான். “அட, தரையில்லாக் குருவி! இது எங்கூருக் கரண்டுக் கம்பியில வரிசையா உக்காந்திருக்கும் சார்.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் டெரிக் தொடையைத் தட்டிச் சிரித்தார். இந்தப் பண்ணைக்கும் இதுபோல ஒன்று போடப்போவதாகவும், அதில் வைரவன் பேர் முதல் பக்கத்தில் வரும் என்றும் சொன்னார். அதைத் தமிழில் அவனுக்குச் சொல்லவேண்டிய கொடுமையும் என் தலையில்.

“என்னப்பு சொல்றாரு?” என்றான் வைரவன்.

“ஒண்ணுமில்ல, தேங்க்ஸ் சொல்றாரு.”

அந்த வாரம்தான் பம்ப் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. மதிய வெயிலில் பன்னிரண்டு பேரும் உடம்பைச் சாய்த்துக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே நிழல் அது. மேனேஜர் திடீரென்று வந்தார், படுத்திருந்தவர்களை எழுப்பி விரட்டினார், பூட்டினார். யார் போட்டுக்கொடுத்தது என்று கேம்ப் முழுக்கக் கொதித்தது. யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. மேனேஜருக்குக் கண் இல்லையா என்ன?

சாப்பிடும்போது எங்களோடு வேலை செய்த ஜோதிமணி என்னைக் கேட்டான். “அந்த வெள்ளைக்காரன் மேனேஜரோட டீ குடிக்கிற ஆளு. அவங்கூட வைரவனுக்கு அப்படி என்னய்யா வேலை?”

“வேற என்ன, ஆள்காட்டி வேலைதான்” என்றேன்.

பொய்யில்லை. ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டுமே, அந்த ஆள்காட்டி புல்லுக்குள் நாலு முட்டை இட்டிருந்தது. அதைத்தான் இரண்டு வாரமாக வைரவன் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். “குருவி” என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டேன். மறைப்பானேன், நெஞ்சு குளுகுளு என்றிருந்தது.

மறுநாளிலிருந்து வைரவனோடு யாரும் பேசவில்லை. அவன் தட்டோடு வந்து உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து போவான். அவன் செருப்பு குப்பைத் தொட்டியில் கிடந்தது. “நான் என்னப்பு தப்புச் செஞ்சேன்?” என்று ஒவ்வொருவனாகக் கேட்டுப் பார்த்தான். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பேசினேன். பாசம் என்று நினைக்காதீர்கள். விலகிப்போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். உண்மையைச் சொல்லத் தினமும் நாக்கு எழும். சொன்னால் என் யோக்கியதை வெளியே வந்துவிடுமே!

மூன்றாவது வாரம் அவனே போர்மேன் சுஐபு பாயிடம் போய், “வேற சைட்டுக்கு அனுப்பிவிடுங்க பாய், இங்க இருந்தா பைத்தியம் புடிச்சிரும்” என்று கேட்டான். ஷார்ஜாவில், முவைலாவில், கட்டட வேலை. அங்கே சிமெண்டும் கம்பியும்தான்.

வேனில் பெட்டியை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்தான்.

“யாரோ என்னையப் பத்தி என்னமோ சொல்லிட்டாய்ங்க அருளு. யாருன்னு தெரியல. நீ ஒருத்தன்தான் எங்கூட உக்காந்து சோறு தின்ன. துரைக்கிட்ட எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லிட்டேன்: அந்தப் புஸ்தகத்துல எம்பேரு வேணாம், அருள்ராசுன்னு போடுங்க, நல்ல மனுசன்னு.”

புத்தகத்தில் பேர் வரும் என்று அவனுக்கு யார் சொன்னது? டெரிக்கே கையைக் காலை ஆட்டிப் புரியவைத்திருப்பார். நான் “தேங்க்ஸ்” என்று சுருக்கியதும் அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் என் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

“சரி, பாத்துப் போ” என்றேன். வேன் கேட்டைத் தாண்டும்போதும் அவன் கை ஆட்டினான். அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.