ஒட்டுக் காருக்கு மூச்சு முட்டியது

நோர்வூட் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்தது. நான் நிற்கவில்லை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்கு, அதற்குள் இடுப்பில் கட்ட ஒரு சாரமும் சட்டைகளும் கம்பளியும். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்ட மனம் வரவில்லை. உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும் என்று பயந்தேன். ஹட்டன் போய்ச் சேரும்வரை அது ஆறக்கூடாது. அங்கே ஒரு மனிதரிடம் நான் ஒரு செய்தியைச் சொல்லவேண்டியிருந்தது.

அந்த மனிதர் டிரைவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடை முதலாளியின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அதே வீதியில் ஒரு கராஜில் எடுபிடி. லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கொழுந்து மூட்டை தூக்கி, ரோட்டில் கல் உடைத்து, எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காமல் வந்து சேர்ந்த இடம் அந்தக் கராஜ். ராத்திரியில் படுக்கை அங்கேயே, டயர்களுக்கு நடுவில். அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மழை ஒழுகாத கூரை அது.

அந்தக் காரை எல்லோரும் ஒட்டுக் கார் என்பார்கள். முன்பாதி ஏதோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார். முதலாளி அதன் பின்பாதியை அறுத்து எடுக்கச் சொல்லி, பலகையில் கூடு கட்டி, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டார். தோட்டத்து ஆட்களையும் அவர்களுடைய அரிசி, மாவு மூட்டைகளையும் மலை மேலே இருக்கும் தோட்டத்து டிவிசன்களுக்கு ஏற்ற வேண்டும். பழைய எஞ்சின் இழுக்கவில்லை என்று ஒரு உடைந்த வேனின் பெரிய எஞ்சினை வைத்தார்கள். கூடு கட்டியதில் பின்னால் பெற்றோல் டேங்குக்கு இடமில்லாமல் போனது. வேறு எதிலிருந்தோ ஒரு டேங்கைக் கழற்றி டிரைவர் சீட்டுக்குக் கீழே உட்கார வைத்தார் எங்கள் கராஜின் மெக்கானிக் பாஸ். அதற்கு மூடி கிடைக்கவில்லை. பித்தளையில் ஒரு மூடி அடித்து, நடுவில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டார். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும், அதற்குத்தான் துளை. இதெல்லாம் நடக்கும்போது நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தும் பின்னால் கார் கெட்டபோது எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸுக்கும் வரவில்லை.

கார் நன்றாகவே ஓடியது. ஆயுத பூஜை வந்து போன பிறகுதான் அது மூச்சு வாங்கத் தொடங்கியது.

கடைவீதியில் பெற்றோல் அடித்துக்கொண்டு கிளம்பினால் குறையே இருக்காது. தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, பாதி மலைக்கு மேல் போனதும் எஞ்சின் சத்தம் தானாக இறங்கும். டிரைவர் கால் எடுக்கவில்லை, ஆனால் இறங்கும். நின்றுவிடப் போகிறது என்று நினைக்கும்போது ஒரே உறுமலாக ஏறும். மறுபடி இறங்கும். வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுவார்கள்.

"என்னண்ணே, காருக்கு இடுப்பு வலி கண்டுருச்சா?" என்று கேட்பாள் கொழுந்து பறிக்கும் ஒருத்தி.

"தலைப் பிரசவம் தாயி, கொஞ்சம் பொறு" என்பார் டிரைவர்.

"வெந்நி வேணும்னா சொல்லுங்க, எறங்கி வெச்சுத் தர்றோம்!"

சிரிப்பு மலையேறும்வரை நீடிக்கும். சில நாள் வண்டி ஏறாது. ஆட்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திட்டியபடி நடப்பார்கள்.

கராஜுக்குக் கொண்டுவந்தால் வண்டி பூனைபோல் நிற்கும். பாஸ் காபரேட்டரைக் கழற்றி ஊதினார். பெரிய எஞ்சினுக்கும் காபரேட்டருக்கும் நடுவே எங்கேயோ காற்று கசிகிறது என்று நினைத்து, இணைப்பில் எண்ணெய் விட்டுச் சத்தம் மாறுகிறதா என்று காது வைத்துக் கேட்டார். மாறவில்லை. பழைய பாக்கிங்கை எடுத்துவிட்டுப் புதியது வெட்டிப் போட்டார். பிளக்குகளைச் சுரண்டினார். வீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், சரியாக இருக்கும். அடுத்த நாள் மலையில் அதே கதை. "மே கார் எக்கட பிஸ்ஸு" என்று சாவியை வீசினார். இந்தக் காருக்குப் பைத்தியம் என்று அர்த்தம். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தன் பாஷைக்குப் போய்விடுவார்.

பைத்தியம் காருக்கு என்று பாஸ் சொன்னார். முதலாளி வேறு மாதிரி சொன்னார்.

"நம்ம கண்ணுக்கு முன்னால பெற்றோல் அடிச்சா நல்லா ஓடுது. மேல போனா ஓடலைன்னா என்ன அர்த்தம்? நடுவுல நிறுத்தி பெற்றோல உருவி வித்துட்டு மண்ணெண்ணய ஊத்துறான்."

இதைக் கடை வாசலில், ஆட்கள் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சொன்னார். ஒருமுறை அவரே வண்டியில் போனார். மூச்சு வாங்கியதும் நிறுத்தச் சொல்லி, சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பெற்றோல் வாசனைதான். வாசனை வராதபடி கலக்கத் தெரிந்தவன் என்றார். மூடியை மூடியதும் வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. "நான் கூட இருந்தா ஓடுது பாத்தியா?" என்றார். அப்படிப்பட்ட மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

டிரைவருக்கு அந்த வேலையை விட்டால் போக இடமில்லை. பஸ்ஸெல்லாம் அரசாங்கத்துக்குப் போன பிறகு அங்கே வேலைக்குப் பிரஜாவுரிமை கேட்டார்கள். அவருக்கு இல்லை. இங்கேயே பிறந்தவர்தான், ஆனால் இல்லை. எனக்கும் இல்லை, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் ஆட்களுக்குக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு லொறிக்காரர்களும் வாடகைக் கார் முதலாளிகளும்தான் கதி. அவர்கள் கேட்பது ஒன்றுதான், பேர் எப்படி? கொழும்பு வரைக்கும் அவர்களுக்குள் பேச்சு போய்விடும். பெற்றோல் திருடன் என்று ஒரு முதலாளி சொல்லிவிட்டால் முடிந்தது.

அதனால்தான் அவர் சத்தியத்துக்குச் சம்மதித்தார்.

"அம்மன் கோயில்ல கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணு. அப்ப நம்புறேன்" என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால், மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். "நான் ஒரு சொட்டு எடுத்திருந்தா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும் தாயே" என்றார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? எங்கள் ஆட்களிடம் கற்பூரம் அணைத்துச் சொன்னால் அதோடு பேச்சு நிற்கவேண்டும். அதுதான் வழக்கம்.

மறுநாள் அதே மலையில், அதே வளைவில், கார் மூச்சு வாங்கி நின்றது. வண்டியில் இருந்த யாரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை அவர் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். பொய்ச் சத்தியம் செய்தவன், சாமி காட்டிக் கொடுத்துவிட்டது. திருடனை மன்னிக்கிறவர்கள்கூட இதை மன்னிக்க மாட்டார்கள். சாயங்காலம் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். டிரைவர் மனைவியை வட்டகொடையில் அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வேலை தேடி ஹட்டன் லொறி நிறுத்தத்துக்குப் போனார்.

அதன் பிறகு முதலாளியே கார் ஓட்டினார். அப்போதும் அது மூச்சு வாங்கியது. "மண்ணெண்ணய ஊத்தி எஞ்சினையே கெடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். திருட ஆள் இல்லாத வண்டியிலும் திருட்டுதான் குற்றம்! பாஸும் தலையை ஆட்டினார்.

கடைசியில் பாஸும் நானும் முதலாளியோடு வண்டியில் ஏறினோம். கெடும்வரை இறங்குவதில்லை என்று பாஸ் சொல்லிவிட்டார். வளைவு வந்தது, மூச்சு வாங்கியது, நின்றது. முதலாளி வழக்கம்போல் மோந்து பார்க்க சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினார். முன்னே அவர் திறந்தபோதெல்லாம் வண்டி நிறைய ஆட்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு நாங்கள் மூவர்தான். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம்.

பாஸ் மூடியை வாங்கிப் பார்த்தார். பித்தளை நடுவில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது. ஆணித் துளை அதற்கு அடியில்.

ஆயுத பூஜை அன்று முதலாளியம்மா காருக்குத் தன் கையால் பொட்டு வைத்தார். விளக்குகளுக்கு, ஸ்டியரிங்குக்கு, சீட்டைத் தூக்கி டேங்குக்கும் வைத்தார். பித்தளை மூடி குத்துவிளக்கு மாதிரி மின்னியதால் அதற்குத் தாராளமாகவே வைத்திருந்தார். பூஜைச் சந்தனத்தை எங்களில் யாரும் துடைக்க மாட்டோம். தானாக உதிரவேண்டும். துளை அடைத்துப் போனதும் டேங்குக்குள் காற்று போக வழியில்லை. பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, எஞ்சின் இழுத்தாலும் வராமல் தவித்திருக்கிறது. மூடியைத் திறந்தால் காற்று போய்விடும், கொஞ்ச தூரம் சரியாகிவிடும். பெற்றோல் அடித்ததும் நன்றாக ஓடியது அதனால்தான். முதலாளி கூட இருந்தபோது ஓடியதும் அதனால்தான்.

பாஸ் மூடியை என்னிடம் நீட்டினார். "நீ குத்து. சாமி சாமான், எனக்கு பாவம்."

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கம்பியால் குத்தினேன். சந்தனம் மஞ்சளாகப் பொடிந்து உதிர்ந்தது. கார் உச்சி வரைக்கும் ஒரே சத்தமாக ஏறியது.

உச்சியில் முதலாளி வண்டியை நிறுத்தினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவரைக் கூப்பிட ஆள் அனுப்பு என்பார் என்று நினைத்தேன்.

"இது நம்ம மூணு பேரோட இருக்கணும்" என்றார். "பூஜ போட்டு வண்டி நின்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, எங்க வீட்டம்மா கை ராசியில்லாத கைன்னு பேசுவாங்க. கடைக்கு எவன் வருவான்?"

"அப்ப அண்ணனோட பேரு?"

"போனவன் போயிட்டான். கூப்பிட்டா நான் அநியாயம் செஞ்சவன்னு ஆயிரும்ல?" சாவியில் கை வைத்தபடி, "நீ ஓட்டப் பழகு. லைசன் எடுத்துத் தர்றேன். நீயே ஓட்டு" என்றார்.

"அவரு கற்பூரம் அணச்சாரு மொதலாளி. ஊரே பாத்துச்சு."

"அதுக்கு?"

அதுக்கு என்று கேட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. ஒரு மனிதனைச் சாமிக்கு முன்னால் நிறுத்தத் தெரிந்தது, அங்கிருந்து இறக்கிவிட மட்டும் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவரே ஆள் அனுப்பியிருப்பார் என்பது என் எண்ணம். கணவரைப் போல அல்ல அவர்.

கராஜுக்கு வந்ததும் பாஸைக் கேட்டேன். "நீங்களாவது நாலு பேருக்கிட்ட சொல்லுங்க பாஸ்."

"நம்ம கராஜுக்கு வேல குடுக்கிற ஆள் அவர். எனக்கு எதுக்கு? நீயும் சும்மா இரு."

சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் தேநீர்க் கடையில் நின்று, உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி முழுக் கதையையும் சொன்னேன். ஒருவர் மட்டும் "அப்படியா?" என்றார். மற்றவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹட்டனில் நான் நுழையும்போது வெளிச்சம் இருந்தது. லொறி நிறுத்தத்தில் ஒரு ஓரமாக டிரைவர் குந்தியிருந்தார். பேர் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. நான் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். டிரைவர்கள், கிளீனர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சுற்றி வந்தார்கள்.

டிரைவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சந்தனமா?" என்றார். "தெனம் காலையில சீட்டத் தூக்கி அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தாண்டா வண்டியே எடுப்பேன்."

ஒரு கிளீனர் சிரித்துவிட்டான். "சாமி மேலயே குந்திக்கிட்டு போயிருக்கீங்கண்ணே. அது சும்மா வுடுமா?" அவரும் சிரித்தார். சிரிக்கும்போதே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தோம்.

டிரைவர்கள் நம்பினார்கள். மூடித் துளை அடைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். முதலாளிமார் அப்படி இல்லை. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் ஒரு லொறியின் சொந்தக்காரர் மட்டும் அங்கே நின்று முழுவதையும் கேட்டார். அவருக்கு டிரைவர் தேவைப்பட்டது.

"கத நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு தூரம் நடந்து வந்து இவனுக்காகப் பேசுறியே, கூடவே கிளீனரா ஏறுவியா? ஒரு சொட்டு கொறஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன். அப்படின்னா இவன எடுத்துக்கிறேன்."

கற்பூரம் அணைத்த மனிதருக்கு என்னைப் போன்ற ஊர்சுற்றி ஜாமீன்! நான் அந்த ஆளின் முகத்துக்கு நேராகவே சொல்ல வாயெடுத்தேன். டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட இடம் இன்னும் சொரசொரப்பாக இருந்தது.

"ஏறிக்கடா" என்றார் மெதுவாக. "அவ அங்க அண்ணன் வீட்டுல எத்தன நாளைக்குத்தான் இருப்பா?"

மறுநாள் விடிந்ததும் கிளீனர் வேலைக்கு ஏறினேன். அவர் எஞ்சினைப் போட்டார். நான் பின் சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டையை உருவிக்கொண்டு ஓடி, முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேல் தொற்றினேன்.