வரவேற்புக் குழுவில் நான் இருந்த காலம்

மின்வாரிய அலுவலகத்தில் மாறுதல் கிடைத்து, சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்கு வீடு பிடித்த முதல் ஞாயிறே பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். உள்ளே பாதிக்கு மேல் காலி. ஆளே இல்லாத ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா தோளைத் தட்டினார்.

"அது ஒரு பெரிய குடும்பத்து பெஞ்சும்மா. வேற எங்கனா உக்காரு."

"அவுங்க வருவாங்களா?"

"கனடாவுல இருக்காங்க. கிறிஸ்மசுக்கு வந்தாலும் வருவாங்க."

கடைசி வரிசைக்குப் போனேன். அதன்பின் பல மாதங்கள் அந்தச் சபையில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு?" ஊரையும் தெருவையும் சொல்லிவிட்டால் சாதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். கேட்டவர்களின் தாத்தாக்களை எந்தெந்தத் தெருவில் நடக்கவிடவில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். படித்து, உத்தியோகத்துக்குப் போய், கார் வாங்கியதும் அது மட்டும் வசதியாக மறந்துபோயிருந்தது.

சபையாரின் பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். இருந்த இளசுகள் ஏசி போட்ட ஜெப வீடுகளுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்த போதகர் இளைஞர். காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்து அலுத்துப்போய், புதியவர்களை வரவேற்கவும் அக்கம்பக்கத்தாரோடு பழகவும் ஒரு குழு வேண்டும் என்றார். என்னையும் சேர்த்தார். குழுத் தலைவர் சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் ஊரே ப்ரேயருக்கு வரிசையில் நிற்பதாக நினைத்துப் பேசுகிறவர்.

குழு என்ன செய்தது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினோம். வாசலில் சந்தனம் கொடுக்கலாமா, அது இந்து முறை ஆகிவிடுமா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. கடைசியில் ரோஜாப்பூ என்று முடிவானது. டீ போடும் வேலையை, நான் பெண் என்பதால், கேட்காமலே என் தலையில் கட்டினார்கள். டீ சாமானெல்லாம் சபை ஹாலில் இருந்ததால் அதன் சாவி ஒன்று என்னிடம் வந்தது. அந்த ஹாலுக்குச் செயலாளர் அப்போதுதான் புது டைல்ஸ் போட்டிருந்தார். "சமுதாயத் தொடர்புக்கு" என்று வாசலில் கல்வெட்டும் வைத்தார். தொடர்பு வந்ததோ இல்லையோ, கல்வெட்டில் அவர் பெயர் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தம்பதி கைக்குழந்தையோடு ஆராதனைக்கு வந்தார்கள். கணவர் ரயிலடிப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை. தேவாலயத்தின் பின்தெருவில் குடியிருந்தார்கள். வாசலில் செயலாளர் சிரித்துக்கொண்டே ரோஜாப்பூ கொடுத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் அதே பட்டுப்புடவை அம்மா அவர்களை எழுப்பினார். குழந்தை சிணுங்கியது. "வெளிய தூக்கினு போம்மா" என்று கையால் காட்டினார்கள். பிரசங்கம் முடியும்வரை அந்தப் பெண் வேப்பமரத்தடியில் நின்றாள்.

மறுவாரம் அவர்கள் வரவில்லை. மார்க்கெட்டில் அவளைப் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். தெரிந்த தமிழில் சொன்னாள். "பூ குடுத்தான். எடம் குடுக்கல அக்கா."

குழுக் கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "வடக்கத்தி ஆளுங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு போயிடுவாங்க. நாம நிலையா இருக்கற குடும்பமா பாக்கணும்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். போதகர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் கெடிலம் ஆறு பெருக்கெடுத்தது. ஒரு விடியற்காலை பின்தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர். குழந்தைகளையும் துணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தேவாலய வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேட்டில் இருந்த கட்டடம் அது ஒன்றுதான். நான் போனபோது செயலாளர் குடையோடு ஹால் படியில் நின்று தடுத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூலத் தெறந்திருக்காங்க, அங்க போங்க. இது கமிட்டி கேக்காம தெறக்க முடியாது."

"ஸ்கூலுக்குள்ளயும் தண்ணி வந்துடுச்சி சார்," என்றார் ஒருவர். அவர் தோளில் ஒரு கிழவி. அவருக்குப் பின்னால் ஜார்க்கண்டுப் பெண், குழந்தையைத் தலைக்கு மேல் பிடித்தபடி.

நான் படியேறிப் பூட்டில் சாவியைப் போட்டேன்.

"இன்னாம்மா பண்ற? டைல்ஸெல்லாம் சேறாயிடும்!"

"கழுவுனா போயிடும் சார். நவுருங்க."

"இந்து ஜனங்கதான் ஜாஸ்தி. நாளைக்கு நம்ம கோயிலயே புடிச்சி உக்காந்துக்குவாங்க."

"உக்காரட்டும். உங்க பெஞ்சுல உக்கார ஆளே இல்ல."

அவர் நகரவில்லை. பக்கவாட்டில் இடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். போதகர் லுங்கியோடு வீட்டிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவந்தார். ஜார்க்கண்டுப் பெண்ணின் கணவர் அடுப்பு மூட்டினார். தண்ணீர் வடியும்வரை அந்த ஹாலில்தான் தெரு இருந்தது. குழுவிலிருந்து வேறு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் கமிட்டியில் என்மேல் விசாரணை. அனுமதியில்லாமல் கதவைத் திறந்தேனாம், பெரியவரை அவமதித்தேனாம். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், முடியாது என்றேன். அதற்குள் பேராயர் அலுவலகத்திலிருந்து சபையின் வெள்ளச் சேவையைப் பாராட்டிப் போன் வந்தது, விசாரணை அமுங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு செயலாளர் மைக்கைப் பிடித்து, "கதவுகளை அகலத் திறந்தோம்" என்று தழுதழுத்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இத்தனை வயதில் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எப்படித்தான் முடிகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே குழுவிலிருந்து விலகினேன்.

போதகர் அதன்பிறகு கமிட்டியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஹால் திறந்திருக்கிறது. பின்தெருப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள், நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஜார்க்கண்டுத் தம்பதி இப்போது ஞாயிறுதோறும் வருகிறார்கள். தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்து, பாட்டு முடியும்வரை இருந்துவிட்டுப் போகிறார்கள். "அவுங்கள்லாம் சபையார் இல்ல" என்று செயலாளர் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆராதனை முடிந்து என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக் கைகூப்புவார். நானும் கூப்புவேன். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.