கோலியாத்தின் பெல்ட்

தொண்ணூறுகளில், கே.கே. நகரில் என் மகள் படித்த கிறிஸ்தவப் பாலர் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை களிமண். எந்த வேதாகமக் கதையையும் பிள்ளைகள் கையால் செய்து பார்த்தாக வேண்டும் அவருக்கு.

அன்று தாவீது கல்லெறிந்து வீழ்த்திய ராட்சதன் கோலியாத்தின் கதை. ஆளுக்கொரு கோலியாத்தைக் களிமண்ணில் செய்து, கூழாங்கல்லால் அடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அழைத்துப் போக வந்த நான், மகளின் சீருடையெல்லாம் சேறாகியிருந்ததைப் பார்த்ததும் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பெஞ்சில் மோதி விழுந்தாள், உதட்டில் ரத்தம். மறுபடி ஓங்கிய கையை டீச்சர் பிடித்துக்கொண்டார். உதறியும் விடவில்லை.

"விடுங்க டீச்சர். எம் பிள்ளைய நான் அடிக்கிறேன்."

"அடிக்கிறது தெரியும் சார்," என்றார் குரலை உயர்த்தாமல். "அங்க பாருங்க. அம்புட்டுப் பிள்ளைகளும் கோலியாத்து கையில ஈட்டி குடுத்திருக்கு. உங்க மக மட்டும் பெல்ட்டு குடுத்திருக்கா."

அந்தப் பொம்மை மட்டும்தான் விழாமல் நின்றது.

"இவ ஏன் கல்லெறியல?" என்றேன்.

"எறிஞ்சா திருப்பி அடிக்குமாம் சார்."

டீச்சரின் முகம் இப்போது என் நினைவில் மங்கிவிட்டது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவினாலும், நான் பெல்ட் கட்டுவதில்லை.